பேணுவோரைப் பேணுவது யார்?

ஒரு வீட்டில் தந்தைக்கு மாரடைப்பு என்றால் தெருவே திரண்டு வருகின்றது. பழங்களும் ஹார்லிக்ஸ் புட்டியும் ஏந்தி உறவினர் மருத்துவமனைக்கு விரைகின்றனர். ஞாயிறு திருப்பலியில் அவர் பெயர் சொல்லி மன்றாடுகின்றோம். பங்குத்தந்தை நற்கருணையுடன் வீடு தேடிச் செல்கின்றார். அதே வீட்டில் மூத்த மகனுக்கு மனச்சிதைவு நோய் என்றால் நிகழ்வது என்ன? சன்னல்கள் சாத்தப்படுகின்றன. ‘பிள்ளை வெளியூரில் வேலை பார்க்கிறான்’ என்று உறவினருக்குச் சொல்லப்படுகின்றது. தாய் கலியாண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்திக்கொள்கின்றாள். தங்கைக்கு வரன் பார்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் தந்தையின் முகம் வாடுகின்றது. இரண்டும் நோயே, இரண்டிற்கும் மருந்து உண்டு. ஆயினும் ஒன்று ஊரறிந்த துன்பம். மற்றொன்று ஒளித்து வைத்த துன்பம்.

மனநோயுற்றோரைப் பற்றி இக்காலத்தில் ஓரளவேனும் பேசப்படுகின்றது. அவர்களை இரவும் பகலும் காத்து நிற்கும் பெற்றோரையும், மனைவியையும், கணவனையும், உடன்பிறந்தாரையும் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நம் நாட்டில் மனநோயாளருள் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் இல்லை, வீடுகளில்தான் வாழ்கின்றனர். அவர்களுக்கு மருந்து கொடுப்போரும், உணவூட்டுவோரும், அவர்கள் வழிதவறிப் போனால் தேடி அலைவோரும் வீட்டாரே. அந்த வீட்டார் தளர்ந்து விழுந்தால் நோயாளியும் உடன் விழுவார். எனவே வீட்டாரின் நலம் காப்பது நோயாளிக்குச் செய்யும் மருத்துவத்தில் ஒரு பகுதி என்றே கொள்ளல் வேண்டும்.

சுமையின் இயல்பு

காய்ச்சலுக்கு ஒரு வாரம், எலும்பு முறிவுக்கு ஆறு வாரம் என்று நாள் குறிக்கலாம். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்ற கடுமையான நோய்களுக்கு அவ்வாறு நாள் குறித்தல் இயலாது. அவை பெரும்பாலும் இளமையிலேயே, படிப்பும் வேலையும் திருமணமும் எதிர்நோக்கி நிற்கும் பருவத்தில் தலைகாட்டுகின்றன. நன்றாகப் படித்துவந்த மகன் அறைக்குள் முடங்குகின்றான். காதில் குரல்கள் ஒலிப்பதாகச் சொல்கின்றான். தாய் பரிமாறும் உணவில் நஞ்சு கலந்திருப்பதாக ஐயுறுகின்றான். அவன் உயிரோடு கண்முன் இருக்கின்றான். ஆயினும் தாய் கனவு கண்ட அந்த மகனைக் காணவில்லை. இறந்தவருக்காக அழுவதற்கு ஊரார் இடந்தருகின்றனர். இந்த இழப்பிற்காக அழுவதற்கு இடமும் இல்லை, நாளும் இல்லை.

இதனோடு அன்றாடத் தொல்லைகளும் சேர்கின்றன. நோயாளி இரவெல்லாம் உலவினால் வீட்டாருக்கும் உறக்கம் இல்லை. மருத்துவச் செலவு ஒருபுறம். பார்த்துக்கொள்ள ஆளின்றி வேலையை விட்ட ஒருவரின் வருமான இழப்பு மறுபுறம். எப்போது என்ன நடக்குமோ என்ற அச்சம் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. இச்சுமை பெரும்பாலும் பெண்ணின் தோளிலேயே ஏறுகின்றது என்பதையும் மறைத்தல் ஆகாது. கணவன் நோயுற்றால் மனைவி தாங்கி நிற்க வேண்டும் என்கின்றோம். மனைவி நோயுற்றாலோ, அவளைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல.

களைப்பு மிகும்போது சினம் வருகின்றது. சில வேளைகளில், ‘இந்தப் பிள்ளையை ஆண்டவர் அழைத்துக்கொண்டால் ஆகாதா’ என்ற நினைவும் மின்னல்போல் தோன்றி மறைகின்றது. மறுகணமே தாய் தன்னைத்தானே வெறுக்கின்றாள். இத்தகைய நினைவு பேணுவோர் பலருக்கும் வருவதுண்டு. அன்பு வற்றிவிட்டதற்கு அது சான்றன்று. உடலும் உள்ளமும் தம் எல்லையைத் தொட்டுவிட்டன என்பதற்கே அடையாளம். உறக்கமின்மை, அடிக்கடி வரும் தலைவலி, காரணமற்ற அழுகை, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், உணவில் வெறுப்பு, செபத்திலும் மனம் ஒன்றாமை, ஆண்களாயின் மாலைதோறும் மதுக்கடையை நாடுதல் ஆகியன பேணுவோர்க்குரிய எச்சரிக்கைகள். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அவரும் மருத்துவரை நாடவேண்டும்.

ஒரு புனிதரின் இல்லத்தில்

‘நல்ல குடும்பத்தில் இந்நோய் வருமா?’ என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடையாக ஒரு வீட்டின் வரலாறு உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை நாம் அனைவரும் அறிவோம். அவருடைய தந்தை லூயி மார்ட்டின் மனநோயுற்று, மூன்று ஆண்டுகளுக்கு மேல் மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்?

தெரேசா 1888 ஏப்ரலில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சில வாரங்களே கடந்திருக்க, அதே ஆண்டு ஜூன் 23ஆம் நாள் தந்தை சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினார். மகள் செலினும் தாய்மாமனும் தேடி அலைந்து, நான்கு நாள் கழித்துத் துறைமுக நகரமான லெ ஆவ்ரில் அவரைக் கண்டுபிடித்தனர். நினைவு தடுமாறுவதும் தெளிவதுமாக மாதங்கள் கழிந்தன. 1889 பிப்ரவரியில், போர் மூண்டு பகைவர் வருவதாக அவருக்குத் தோற்றம் உண்டாயிற்று. மகளிரைக் காக்க எண்ணிக் கைத்துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். இனி வீட்டில் வைத்திருத்தல் இயலாது என்ற நிலை வந்தது. பிப்ரவரி 12ஆம் நாள் கான் நகரத்தில் அருள்சகோதரியர் நடத்திய போன் சோவர் மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. மகளிர் ஒருவர் பின் ஒருவராகத் துறவு பூண்டதனால்தான், அதிலும் கடைக்குட்டி தெரேசா பிரிந்ததனால்தான், தந்தையின் அறிவு பேதலித்தது என்று பேசினர். பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர்ப் பேச்சும் நம்மூர்த் திண்ணைப் பேச்சும் ஒன்றாகவே இருக்கின்றன! செலினும் லெயோனியும் அதைக் கேட்டுக்கொண்டே, தந்தைக்கு அருகில் இருக்கவேண்டிக் கான் நகரத்தில் மூன்று மாத காலம் தங்கினர். வாரத்திற்கு ஒருமுறைதான் அவரைக் காண இயலும்; ஆயினும் நாள்தோறும் சென்று நலம் விசாரித்துத் திரும்பினர். 1892 மே மாதத்தில் கால்கள் செயலிழந்த நிலையில் தந்தை வீடு திரும்பினார். தாய்மாமனின் குடும்பம் தோள்கொடுக்க, பணியாளர் துணைநிற்க, செலின் அவரைக் கடைசிவரை பேணினார். 1894 ஜூலை 29இல் அவர் இறந்தார். தாமும் துறவு பூண விரும்பிய செலின், தந்தையின் மறைவுக்குப் பின்னரே செப்டம்பரில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

அதே லூயி மார்ட்டினையும் அவருடைய மனைவி செலியையும் 2015 அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். மனநோய் ஒருவரின் புனிதத்தையோ மாண்பையோ குறைப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? மற்றொன்றையும் நோக்குக. செலின் தனித்துச் சுமக்கவில்லை. மாமன் இருந்தார், தமக்கை இருந்தார், பணியாளர் இருந்தார், தேவைப்பட்ட காலத்தில் மருத்துவமனையும் இருந்தது. வீட்டில் பேண இயலாத வேளையில் மருத்துவமனையில் சேர்த்தது அன்பின்மை ஆகவில்லை.

குற்றம் யாருடையது?

பேணுவோரை உள்ளே இருந்து அரிப்பது குற்றவுணர்வு. ‘கண்டித்து வளர்த்தேனே, அதனாலா? செல்லம் கொடுத்தேனே, அதனாலா? கருவுற்றிருந்தபோது அழுதேனே, அதனாலா?’ என்று தாய் தன்னையே விசாரணை செய்கின்றாள். இந்தக் குற்றச்சாட்டை ஒரு காலத்தில் கற்றோரே சுமத்தினர். 1948இல் பிரீடா பிராம்-ரைக்மன் எனும் மனநல மருத்துவர், மனச்சிதைவை விளைவிக்கும் தாய் என்றொரு கருத்தை எழுத்தில் வைத்தார். அது பரவி, இரண்டு தலைமுறைத் தாய்மாரை அழவைத்தது. பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கருத்திற்கு ஆதாரமில்லை எனக் கண்டு அதனைக் கைவிட்டன.

இன்று நாம் அறிந்தது இது: இந்நோய்களில் மரபுவழிக் கூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு, மூளையின் இயக்கத்தில் மாறுதல்கள் உண்டு, கஞ்சா போன்ற போதைப் பொருள்களும், பெரும் மன அழுத்தங்களும் நோய் வெளிப்படத் தூண்டுதல் ஆகலாம். வளர்ப்பு முறையால் ஒரு தாய் தன் பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்குவதில்லை. செய்வினையும் அன்று, முன்னோர் சாபமும் அன்று.

இவ்விடத்தில் நம் குடும்பங்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். செபக்கூட்டத்திற்கும் தியான இல்லத்திற்கும் செல்வது ஆறுதல் தரும்; வேண்டாம் என்பாரில்லை. ஆயின் ‘மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம்’ என்று யாரேனும் கூறுவாராயின் அதைக் கேளாதீர்கள். மருத்துவரை மதிக்குமாறு சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரமே கற்பிக்கின்றது. மருந்தை நிறுத்தியதால் நோய் திரும்பி வரும்போது, ‘விசுவாசம் போதவில்லை’ என்ற பழியும் அதே குடும்பத்தின்மேல் அன்றோ விழுகின்றது!

‘ஒரு கலியாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரையும் அத்தகையதே. திருமணம் மருந்தன்று. நோயை மறைத்து மணம் முடிப்பதனால் இரண்டு குடும்பங்கள் அழுகின்றன. நோய் கட்டுப்பட்டு, மருத்துவரின் கருத்தைக் கேட்டு, உண்மையைச் சொல்லி நடத்தும் திருமணம் வேறு, அதற்குத் தடையில்லை.

நோயை அறிந்தால் பாதிச் சினம் தணியும்

1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் எனும் மருத்துவர் லித்தியம் உப்பின் பயனைக் கண்டார். 1952இல் பாரிஸ் நகரத்து மருத்துவர்கள் குளோர்புரோமசின் எனும் மருந்தை மனநோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அதுவரை ஆயுள் முழுவதும் மருத்துவமனைச் சுவர்களுக்குள் கிடந்தோர் பலர் வீடு திரும்ப வழி பிறந்தது. இன்று அவற்றினும் பலவகை மருந்துகள் உள்ளன.

மருந்து காதில் ஒலிக்கும் குரல்களையும் வீண் ஐயங்களையும் பெரும்பாலும் அடக்கும். ஆனால் நோயின் வேறொரு முகமும் உண்டு. எதிலும் நாட்டமின்மை, பேச்சுக் குறைதல், குளிக்கவும் உடை மாற்றவும் மனமின்மை ஆகியவை எளிதில் போவதில்லை. இதைத்தான் வீட்டார் சோம்பல் என்று எண்ணிச் சினக்கின்றனர். ‘தின்பதும் தூங்குவதும்தான் இவன் வேலை’ என்று தந்தை கடிந்துகொள்கின்றார். முறிந்த காலை வைத்துக்கொண்டு ஓடவில்லையே என்று யாரும் கடிந்துகொள்வதில்லை. அது நோயின் பகுதி என்று அறிந்த நாளிலேயே தந்தையின் சினம் பாதி தணியும்.

நலமடைந்ததும் மருந்தை நிறுத்திவிடுவதே நோய் மீண்டும் தாக்குவதற்குப் பெருங்காரணம். மாத்திரையை நாள்தோறும் விழுங்க மறுப்போர்க்கு, இரண்டு வாரத்திற்கோ மாதத்திற்கோ ஒருமுறை போடத்தக்க ஊசிகள் உண்டு. இரகசியமாகச் சோற்றில் கலந்து கொடுத்துப் போராடுவதைவிட, மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசி வேறு வழி கேட்பது நன்று. உறக்கம் குறைதல், தனக்குள் பேசுதல், திடீரெனச் செலவு செய்தல் என நோய் திரும்பும்முன் ஒவ்வொருவருக்கும் உரிய சில அறிகுறிகள் உண்டு. ஒரு குறிப்பேட்டில் அவற்றையும், மருந்தின் பெயரையும் அளவையும், மருத்துவரைக் கண்ட நாளையும் எழுதி வைத்தால், அடுத்த முறை தொடக்கத்திலேயே தடுத்துவிடலாம்.

வீட்டில் பேசும் பேச்சு

1950களின் இறுதியில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் எனும் சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களின் நிலையை ஆராய்ந்தார். சிலருக்கு நோய் விரைவில் திரும்புவதும் சிலருக்குத் திரும்பாதிருப்பதும் ஏன் என்பது அவருடைய கேள்வி. அவரும் தோழரும் 1972இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் கவனம் பெற்றது. ஓயாத குறைகூறல், வெறுப்புக் காட்டல், அளவுமீறிய கவலையால் நோயாளியை விடாது சூழ்ந்திருத்தல் ஆகிய மூன்றும் நிறைந்த வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்பிற்று. 1980களில் சண்டிகர் நகரில் இதே முறையில் ஆராய்ந்தபோது, இலண்டனைவிட அங்கே அத்தகைய குடும்பங்கள் குறைவாக இருக்கக் கண்டனர். நம் குடும்பங்களின் பொறுமைக்கு இஃது ஒரு நற்சான்று எனலாம்.

இதனை வீட்டார் தம்மேல் சுமத்தப்பட்ட புதிய பழியாகக் கருதவேண்டியதில்லை. நோய் எதனால் வந்தது என்பதற்கும், வந்தபின் எவ்வாறு தணிகின்றது என்பதற்கும் வேறுபாடு உண்டு. குறைகூறலும் பெரும்பாலும் களைப்பின் குழந்தையே. குடும்பத்திற்கு நோயைப் பற்றிக் கற்பித்து, பேசும் முறையைப் பழக்கி, ஓய்வுக்கு வழிசெய்தால் நோய் திரும்புவது குறைகின்றது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

செய்யத்தக்கவை எளியவையே. ஒரு வேளைக்கு ஒரு செய்தியை, குறுகிய சொற்களில், தாழ்ந்த குரலில் சொல்க. ‘அப்படி யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை’ என்று வாதாடுவதால் பயனில்லை; ‘உனக்குக் கேட்கிறது, அது உன்னை அச்சுறுத்துகிறது; எனக்குக் கேட்கவில்லை, நான் உன்னருகில் இருக்கிறேன்’ என்று சொன்னால் போதும். குளித்தானா, தட்டைக் கழுவி வைத்தானா, அதைப் பாராட்டுக. சிறு வேலைகளை ஒப்படைக்க: செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல், கடைக்குச் சென்று பால் வாங்கிவருதல் போன்றவை. அவரும் சிறிது நேரம் தனித்திருக்கட்டும். நீங்களும் சிறிது நேரம் விலகி இருங்கள். இருவருக்கும் அது நல்லது.

தம்மையும் பேணுக

தியாகம் என்ற சொல்லை நம் குடும்பங்கள் நன்கு அறியும். எண்ணெய் வற்றிய விளக்கு யாருக்கும் வெளிச்சம் தருவதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

முதலாவது, உறக்கம். வீட்டில் இருவர் இருப்பின் இரவை முறைவைத்துப் பகிர்ந்துகொள்க. ஒருவரே இருப்பின், நோயாளியின் இரவு உறக்கத்திற்கு மருந்தில் மாற்றம் செய்ய இயலுமா என மருத்துவரைக் கேட்க.

இரண்டாவது, வாரத்தில் அரைநாள் ஓய்வு. உடன்பிறந்தாரில் ஒருவர் மட்டும் அனைத்தையும் சுமக்க, மற்றவர் பண்டிகைக்கு மட்டும் வந்து அறிவுரை கூறிச் செல்லும் வழக்கம் முடியவேண்டும். குடும்பத்தாரைக் கூட்டி, ‘நீ மாதம் ஒரு வாரம் வந்து தங்கு, நீ மருந்துச் செலவை ஏற்றுக்கொள், நீ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்’ என்று பெயர் சொல்லிப் பங்கிடுக. பொதுவாகச் சொன்னால் யாரும் செய்வதில்லை.

மூன்றாவது, ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுதல். நம்பத்தக்க அண்டை வீட்டாரோ, அருள்சகோதரியோ, பங்குத்தந்தையோ, ஒரே ஒருவர் அறிந்திருந்தாலும் நள்ளிரவில் கதவு தட்ட ஓர் இடம் கிடைக்கும்.

நான்காவது, ஆபத்து வேளைக்கு முன்னேற்பாடு. மருத்துவமனையின் தொலைபேசி எண், வண்டிக்காரரின் எண், செலவிற்குச் சிறு தொகை, மருந்துக் குறிப்பேடு ஆகியன ஒரே பையில் இருக்கட்டும். நோயாளி தாக்க முற்பட்டால் எதிர்த்து நிற்காமல், வெளியேறும் வழியைப் பின்னால் வைத்து விலகி, உதவி அழையுங்கள். மனநோயாளர் பெரும்பாலோர் பிறரைத் துன்புறுத்துவோர் அல்லர். தமக்கே தீங்கு செய்துகொள்ளும் ஆபத்துதான் கூடுதல். ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதனால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை. பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தனியே நிற்க வேண்டியதில்லை

குடும்பத்தைத் துணையாகக் கொண்டு மருத்துவம் செய்வதில் நம் நாடு முன்னோடி. 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு உறவினரும் தங்குமாறு செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல நிலையத்திலும் உறவினர் உடன்தங்குவது வழக்கம். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவருடைய ஊக்கத்தால் சென்னையில் 1989இல் நோயாளரின் குடும்பத்தினரே ‘ஆஷா’ எனும் அமைப்பை உருவாக்கினர். தம் வீட்டுத் துன்பம் தமக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்த தாய், தன்னைப் போன்ற மற்றொரு தாயைச் சந்திக்கும் நாளில் பாதிச் சுமை இறங்குவதைக் காண்கின்றாள்.

அரசின் உதவியும் முன்போல் எட்டாத் தொலைவில் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் 1990களின் நடுவில் திருச்சி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மருந்து இலவசம். 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளி மட்டுமன்றி அவரைப் பேணுவோரும் தம் துயரைச் சொல்லலாம்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாளை மறத்தல் இயலுமோ? இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்பியோட இயலாமல் மடிந்தனர். இறந்தோர் 28 பேர். பேணும் வழியறியாத குடும்பங்கள் இறுதியாக நம்பி விட்டுச்சென்ற இடம் அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடைசெய்கின்றது. அரசு மனநல மருத்துவத்தைப் பெறும் உரிமையை அளிக்கின்றது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்கவேண்டும் என விதிக்கின்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ், நோயால் திறன் குறைந்தோர் அரசு மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் பெறலாம். நாணத்தால் இதனைப் பெறாமல் விட்டுவிடுவோர் பலர். அது பிள்ளைக்கு உரிய பங்கை நாமே மறுப்பதாகும்.

‘எங்களுக்குப் பின் யார்?’

முதுமை எய்திய பெற்றோரை உறங்கவிடாத கேள்வி இது. அதற்கு ஒரே நாளில் விடை காண இயலாது. ஆகவே இன்றே தொடங்கவேண்டும். பிள்ளையே தன் மருந்தை எடுத்து உண்ணவும், பேருந்தில் மருத்துவமனைக்குச் செல்லவும், எளிய உணவு சமைக்கவும் பெற்றோர் இருக்கும்போதே பழக்குக. மற்ற பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுக. அவர்களால் எவ்வளவு இயலும் என்று கேட்டறிக. இயலாததை அவர்கள்மேல் ஆணையிட்டுச் சுமத்தாதீர். சொத்து இருப்பின், வழக்கறிஞரைக் கொண்டு உயில் எழுதி, அப்பிள்ளையின் பங்கு அவனுக்கே பயன்படுமாறு பொறுப்பாளரைக் குறிப்பிடுக. அவன் சில காலம் தங்கிப் பழகத்தக்க நல்ல இல்லங்களை நேரில் சென்று பார்த்து வைக்க. வேற்றிடத்தில் சிறிது காலம் தங்கிப் பழகிய பிள்ளைக்குப் பெற்றோரின் மறைவு அத்துணைப் பேரதிர்ச்சி ஆகாது.

பங்கு என்ன செய்யலாம்?

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உண்டு. அயர்லாந்திலிருந்து தப்பி வந்து அங்கே கொலையுண்டவர் என மரபுவழி கூறப்படும் புனித டிம்ப்னா, மனநோயாளரின் பாதுகாவலி. நடுக்காலத்தில் அவருடைய திருத்தலத்திற்கு மனநோயாளரைக் கூட்டிவந்தோர் பெருகவே, கோவில் வளாகத்தில் இடம் போதாமல் ஊரார் தம் வீடுகளில் அவர்களுக்கு இடமளித்தனர். நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வழக்கம் தொடர்கின்றது. 1930களின் இறுதியில் 3,500க்கும் மேற்பட்டோர் அவ்வூர்க் குடும்பங்களில் தங்கியிருந்தனர். இப்போது எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டது. எனினும் மரபு அறுபடவில்லை. அவர்களை நோயாளர் என்று அழைக்காமல், வீட்டில் தங்கியிருப்பவர் என்றே அவ்வூரார் அழைக்கின்றனர். 2023இல் யுனெஸ்கோ இதனைப் போற்றிப் பேணத்தக்க மரபாக ஏற்றுப் பதிவு செய்தது.

அக்குடும்பங்கள் சோர்ந்துபோகாமல் இருப்பதன் காரணம் யாது? பின்னால் மருத்துவமனை இருக்கின்றது. வீடு தேடிச் செவிலியர் வருகின்றனர். தெருவிலும் கடையிலும் அந்நோயாளரைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. ஓர் ஊரே பங்கிட்டுக்கொண்டதால் ஒரு வீட்டிற்கு அது தாங்கும் அளவாயிற்று.

நம் பங்குகளில் இதை முழுமையாகச் செய்ய இயலாவிடினும், ஒரு பகுதியைச் செய்யலாம். அன்பியக் கூட்டம் அந்த வீட்டிலும் ஒருமுறை கூடட்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் மருந்துச் செலவிற்கும் மருத்துவமனைப் பயணத்திற்கும் துணைநிற்கட்டும். மரியாயின் சேனையினர் இருவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் நோயாளியுடன் அமர்ந்திருந்தால், அந்தத் தாய் திருப்பலிக்குச் சென்று வருவாள். அல்லது நிம்மதியாகத் தூங்கி எழுவாள். மாதம் ஒருமுறை பங்கு மண்டபத்தில் இத்தகைய குடும்பங்கள் மட்டும் கூடிப் பேச ஓர் அறை திறந்துவைக்கப்படட்டும். கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பது அங்கே முதல் விதியாகட்டும். மன்றாட்டுகளில் உடல்நோயாளரோடு மனநோயாளரையும் அவர்களைப் பேணுவோரையும் சேர்த்துச் சொல்வோம். பைத்தியம், கிறுக்கு என்னும் சொற்களை நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவிலிருந்து அகற்றுவோம்.

உம் தெருவில் சன்னல் சாத்திய வீடு ஒன்று இருக்கின்றதா? அறிவுரை கூறுவதற்காகவும், நோயின் காரணத்தை ஆராய்வதற்காகவும் அங்கே செல்ல வேண்டாம். ‘நான் இரண்டு மணி நேரம் இங்கே இருக்கிறேன், நீங்கள் சற்று வெளியே போய் வாருங்கள்’ என்று சொல்வதற்காகச் செல்லுங்கள். அந்த இரண்டு மணி நேரம், பல ஆண்டுகளாக அந்த வீட்டிற்கு யாரும் கொடுக்காத கொடையாக இருக்கக்கூடும்.